பல்கமும் ஐயமும்
சளி பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

மனித உடலில் ஊறும் நீர்களுள் கண்ணீருக்குக் கவிஞர்கள் உண்டு. குருதிக்கு வீரர்களின் புகழ் உண்டு. வியர்வையை உழைப்பின் அடையாளமாகப் போற்றுகிறோம். தாய்ப்பாலின் பெருமையைச் சொல்லி முடியாது. சளிக்கு மட்டும் ஒரு நல்ல சொல் கிடைத்ததில்லை. அதனைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். குழந்தையின் மூக்கில் வழிந்தால் வெட்கப்படுகிறோம். மார்பில் கட்டினால் அஞ்சுகிறோம். ஆயினும் படைத்தவன் வீணுக்கு ஒன்றையும் படைக்கவில்லை என்னும் நம்பிக்கையுடைய நாம், இந்த இழிந்த பொருள் எதற்காக நம் உடலில் இடைவிடாது ஊறுகிறது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். யவனரும் அரபியரும் தமிழரும் இக்கேள்வியைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்தனர். அவர்கள் கண்ட விடைகளின் வரலாறு, நம் வீட்டுப் பிள்ளைகளின் நலத்தோடு இன்றும் தொடர்புடையது.

முதலில் சொற்களைக் காண்போம். தமிழில் சளி, கோழை, கபம், சிலேத்துமம் என்று பல பெயர்கள் வழங்குகின்றன. பழந்தமிழில் அதற்கு ‘ஐ’ என்றும் ‘ஐயம்’ என்றும் பெயர். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோய்க்குக் காரணமான மூன்றினைக் காற்றை முதலாக வைத்து எண்ணுகிறது. உரையாசிரியர்கள் அம்மூன்றையும் வாதம், பித்தம், ஐ என விரித்தனர். அரபு மொழியில் மூக்கிலிருந்து வருவது ‘முகாத்’. தொண்டையிலும் மார்பிலும் இருந்து காறி வருவது ‘நுகாமா’. மருத்துவ நூல்களில் உடற்கூறுகளுள் ஒன்றாகப் பேசப்படுவது ‘பல்கம்’. இப்பல்கம் என்னும் சொல், ‘ஃபிளெக்மா’ என்னும் யவனச் சொல் அரபியரின் நாவில் புரண்டு உருமாறியதேயாகும். விந்தை யாதெனில், யவன மொழியில் அச்சொல்லின் வேர் ‘எரிதல்’ என்ற பொருளுடையது. எரிதலைக் குறித்த வேரிலிருந்து பிறந்த சொல், காலப்போக்கில் உடலின் குளிர்ந்த, ஈரமான கூற்றுக்குப் பெயராகிவிட்டது.

அரபு மருத்துவர்கள் ‘புக்ராத்’ என்றழைத்த ஹிப்போக்ரட்டீஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் ‘மனித இயல்பு’ என்பது ஒன்று. குருதி, பல்கம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கின் சமநிலையே உடல்நலம் என்று அந்நூல் கூறுகிறது. குளிர்காலத்தில் மக்கள் மிகுதியாகத் துப்புவதையும் மூக்குச் சிந்துவதையும் அது சான்றாகக் காட்டிப் பல்கம் குளிர்காலத்திற்குரியது என்று முடிவு கட்டுகிறது. கண்ணால் கண்டதிலிருந்து கருத்தைக் கட்டும் முயற்சி அதில் இருக்கிறது. கி.பி. 129-இல் பிறந்த காலென், நம் கிதாபுகளில் ‘ஜாலீனூஸ்’ என்று வருபவர், இக்கொள்கையை விரிவாக்கி, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உலகை ஆண்டார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரம் அறிவின் சந்தையாக விளங்கியது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) என்னும் கிறிஸ்தவ அறிஞர், அப்பாஸியக் கலீஃபாக்களின் ஆதரவில் ஜாலீனூஸின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபு மொழியிலும் பெயர்த்தார். யவனரின் நாற்கூறுகள் அரபியில் ‘அக்லாத்’ எனப் பெயர் பெற்றன. தம், பல்கம், ஸஃப்ரா, ஸவ்தா என்பன அவை. மொழிபெயர்த்ததோடு நம்மவர் நின்றுவிடவில்லை. அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (865–925) மருத்துவமனையில் நோயாளிகளை நாள்தோறும் கண்டு குறித்து வந்தவர். ஜாலீனூஸின் மீது தமக்கு எழுந்த ஐயங்களைத் தொகுத்து, ‘ஷுகூக்’ (ஐயங்கள்) என்ற பெயரிலேயே ஒரு நூல் செய்தார். தமிழில் ஐயம் என்னும் ஒரே சொல் சளியையும் சந்தேகத்தையும் குறிப்பது தற்செயலே. எனினும் சளி பற்றிய அறிவு முன்னேறியது சந்தேகத்தின் வழியாகத்தான் என்பதை இக்கட்டுரை நெடுகக் காணலாம்.

அதே ராஸீ சிறு கட்டுரையொன்றும் வரைந்தார். அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞருக்கு வசந்த காலத்தில் ரோஜா மலரின் மணம் பட்டவுடன் மூக்கிலிருந்து நீர் வழியும். அதன் காரணம் யாது என்பதே அக்கட்டுரையின் பொருள். இன்று நாம் ஒவ்வாமை என்று சொல்லும் நோயைத் தனியே எடுத்துப் பேசிய மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதனை மதிக்கின்றனர். குளிர்காலத்தில்தான் சளி என்ற பொதுவிதிக்கு வசந்த காலத்தில் ஒரு விலக்கு இருப்பதை அப்பெரியார் கண்டார்.

இப்னு சீனா (980–1037) தம் ‘கானூன்’ என்னும் பெருநூலில் பல்கத்தைக் குறித்து எழுதியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மஞ்சள் பித்தத்திற்குப் பித்தப்பை இருக்கிறது. கரும்பித்தத்திற்கு மண்ணீரல் இருக்கிறது. பல்கத்திற்கு மட்டும் தனி இருப்பிடம் ஏன் இல்லை? அது எல்லா உறுப்புகளுக்கும் அருகில் இருக்க வேண்டிய பொருள் என்பது அவர் விடை. உணவு குறையும்போது உடலின் வெப்பத்தால் பக்குவமடைந்து குருதியாக மாறுவதற்கு அது ஆயத்தமாக நிற்கிறது என்றும், அசையும் உறுப்புகளும் மூட்டுகளும் உராய்ந்து வறண்டுவிடாமல் அது நனைத்து வைக்கிறது என்றும் அவர் கூறினார். சளி குருதியாக மாறும் என்ற முதற்கருத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. உராய்வைத் தடுக்கும் ஈரம் என்ற இரண்டாம் கருத்தோ காலத்தை வென்று நிற்கிறது. கெட்ட பல்கத்தை உப்பு, புளிப்பு முதலிய சுவையாலும், நீர்போன்றது, கண்ணாடிபோன்றது, சுண்ணச்சாந்து போன்றது எனத் தோற்றத்தாலும் அவர் வகைப்படுத்தினார். நோயாளியின் கோழையை அருவருப்பின்றி உற்று நோக்கியவர்க்கே இவ்வகைப்பாடு கைகூடும்.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். சித்த மருத்துவம் நான்கு கூறுகளைச் சொல்லவில்லை. வாதம், பித்தம், ஐயம் என மூன்றையே சொல்கிறது. நாடி பார்க்கையில் வாதம் ஒன்று, பித்தம் அரை, ஐயம் கால் என்ற அளவில் நடப்பதே நலம் என்பது அதன் கணக்கு. ஐயத்தை அது மேலும் ஐந்தாகப் பிரிக்கிறது. மார்பில் நின்று ஏனையவற்றைத் தாங்குவது அவலம்பகம். இரைப்பையில் உணவை நனைப்பது கிலேதகம். நாவில் நின்று சுவையை உணர்த்துவது போதகம். தலையில் நின்று கண்களைக் குளிர்விப்பது தற்பகம். மூட்டுகளில் நின்று அவற்றை வழுக்கச் செய்வது சந்திகம். பக்தாதின் வழிவந்த கானூனும் நம் மண்ணின் சித்த மருத்துவமும் வெவ்வேறு பாதைகளில் நடந்தும், உடலின் பல இடங்களிலும் பரவி நின்று நனைத்துக் காக்கும் பொருள் ஒன்று உண்டு என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

தமிழர் மருந்தைக் கொண்டு அறநூல்களுக்குப் பெயரிட்டவர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கோழையை அறுக்கும் மருந்தாகப் பாட்டிமார் இன்றும் இதனையே நாடுகின்றனர். பதினெண்கீழ்க்கணக்கில் அப்பெயரால் நல்லாதனார் செய்த நூல் ஒன்று உண்டு. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்ற மற்றிரு நூல்களும் மருந்துப் பெயர் கொண்டவையே. அவ்விரண்டையும் இயற்றிய கணிமேதாவியாரும் காரியாசானும் சமண சமயத்தைச் சார்ந்தவர்கள். உடல் நோய்க்கு மருந்தும் உள்ள நோய்க்கு அறமும் கூறுவதைச் சமணச் சான்றோர் தம் தொண்டாகக் கொண்டிருந்தனர்.

அச்சமணத்தின் சான்றாக நிற்கும் ஊர்களுள் ஒன்று, காஞ்சிபுரத்தின் அருகே வேகவதி ஆற்றங்கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றம். சின காஞ்சி என்று அதற்குப் பெயர். பல்லவர் காலத் தொடக்கமுடைய சந்திரப்பிரபர் கோயிலும், வர்த்தமானருக்குரிய திரைலோக்கியநாதர் கோயிலும் அங்கு உள்ளன. விசயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சரும் தளபதியுமான இருகப்பர், தம் குருவாகிய புஷ்பசேனரின் சொற்படி 1387-ஆம் ஆண்டையொட்டி அங்கே சங்கீத மண்டபத்தைக் கட்டினார். தீர்த்தங்கரர்களின் வரலாறு வண்ண ஓவியங்களாக அதன் விதானத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. டி. என். இராமச்சந்திரன் இக்கோயில்களைப் பற்றி எழுதிய ஆய்வுநூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது.

கோயிலின் கலையழகைப் பலர் எழுதியுள்ளனர். அக்கோயிலுக்கு வந்து தங்கிய சமண முனிவர் கடைப்பிடித்த ஒழுக்கம் ஒன்றே ஈண்டு நமக்கு வேண்டுவது. சமண முனிவர்க்கு ஐந்து ‘சமிதி’கள், அஃதாவது ஐவகை விழிப்புகள் விதிக்கப்பட்டுள்ளன. நடையில், பேச்சில், உணவு ஏற்பதில், பொருளை எடுத்து வைப்பதில் விழிப்பாக இருத்தல் நான்கு. ஐந்தாவது, உடற்கழிவுகளை நீக்குவதில் விழிப்பு. மலம், சிறுநீர் ஆகியவற்றோடு கோழையையும் மூக்குச் சளியையும் பெயர் சொல்லியே அவ்விதி குறிப்பிடுகிறது. அவற்றைக் கண்ட இடத்தில் எறிதல் கூடாது. உயிர்கள் இல்லாத இடத்தை ஆராய்ந்து பார்த்தே விடுதல் வேண்டும். பிற உயிருக்குத் தன்னால் தீங்கு நேரக்கூடாது என்ற அச்சமே அதன் அடிப்படை.

இதனைப் படிக்கும்போது நமக்கு மதீனாப் பள்ளிவாசல் நினைவுக்கு வராமல் இராது. கிப்லாச் சுவரில் கோழை ஒட்டியிருந்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் வருத்தம் தோன்றியதையும், அவர்கள் எழுந்து தம் கையாலேயே அதனைச் சுரண்டி நீக்கியதையும் புகாரீ கிரந்தம் அறிவிக்கிறது. பள்ளியில் துப்புவது குற்றம் என்றும், அதனைப் புதைப்பதே அக்குற்றத்துக்குப் பரிகாரம் என்றும் அவர்கள் அருளினார்கள். தம் மேலாடையின் ஓரத்தில் துப்பி, அதனை மடித்துக் கசக்கிக் காட்டி, இவ்வாறு செய்யலாம் என வழியும் கற்பித்தார்கள். கைக்குட்டை என்று நாம் இன்று சொல்வதன் பயனை அச்செயலில் காண்கிறோம். தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வது அவர்களின் வழக்கம் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு. வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தம் உம்மத்தின் நற்செயல்களில் ஒன்றாகவும், பள்ளியில் புதைக்காமல் விடப்பட்ட கோழை தீச்செயல்களில் ஒன்றாகவும் தமக்குக் காட்டப்பட்டதாக அவர்கள் கூறியதை அபூதர் (ரலி) வாயிலாக இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்.

அந்நாளைய பள்ளியின் தரை மணலும் பொடிக்கல்லுமாக இருந்தது. ஆதலின் புதைத்தல் இயன்றது. இமாம் நவவீ (1233–1277) தம் விரிவுரையில், தரையில் மண்ணோ மணலோ இருந்தால்தான் புதைப்பது. இல்லையேல் வெளியே கொண்டுபோய் நீக்க வேண்டும் என்று விளக்கினார். விதியின் சொல்லை மட்டுமன்றி நோக்கத்தையும் பற்றிய விளக்கம் இது. நம் ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் கோழையின் பிறப்பிடத்தையும் நுணுகி ஆராய்ந்தனர். தலையிலும் மார்பிலும் இருந்து வருவது தூய்மையானது. வயிற்றிலிருந்து ஏறி வருவது அசுத்தம் என வகுத்தனர். நோன்பாளி கோழையை விழுங்கினால் நோன்பு முறியுமா என்ற கேள்விக்கு, வாயின் வெளிப்புறம் எங்கே முடிகிறது, உட்புறம் எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் அரபு எழுத்துகள் தொண்டையில் பிறக்கும் இடங்களையே எல்லைக்கல்லாக நட்டனர். குர்ஆன் ஓதும் கலையின் ஒலிநூல் அறிவு உடற்கூற்றுக்கு அளவுகோலாயிற்று. மதரஸாவில் இப்பகுதியைப் படிக்கும் மாணவர், தம் முன்னோர் எவ்வளவு சிறிய பொருளுக்கும் எத்துணைக் கவனம் செலுத்தினர் என்பதை அறிந்து மகிழலாம்.

ஆயினும் ஒரு பிழை எல்லா நாட்டு மருத்துவத்திலும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. சளி தலையிலுள்ள மூளையிலிருந்து வடிந்து மூக்கு வழியே இறங்குகிறது என்பதே அப்பிழை. யவனர் அந்நோய்க்கு இட்ட பெயர் ‘கீழே வழிதல்’ என்று பொருள்படும். அரபியர் அதனை ‘நஸ்லா’ என்றனர். இறங்குவது என்பது அதன் பொருள். மூக்குக்கு வருவதை ‘ஸுகாம்’ என்றும் தொண்டைக்கு இறங்குவதை ‘நஸ்லா’ என்றும் பிரிப்பாரும் உண்டு. நாமும் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோம். 1543-இல் உடற்கூற்று நூல் வெளியிட்ட வெசாலியஸ்கூட, மூளையின் அடியிலுள்ள சுரப்பியை மூளையின் சளியைப் பெறும் உறுப்பென்றே கருதினார். இலத்தீன் மொழியில் சளிக்குரிய சொல்லாலேயே பிட்யூட்டரி என்று அச்சுரப்பி பெயர் பெற்றது. அது உண்மையில் வளர்ச்சி முதலியவற்றை ஆளும் சுரப்பி. பழைய பிழையின் அடையாளமாக அதன் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரப் பேராசிரியரான கொன்ராட் விக்டர் ஷ்னைடர் (1614–1680) இக்கொள்கையைச் சோதித்தார். மூளைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சல்லடை போன்ற எலும்பின் வழியே சளி வடிவதில்லை என்றும், மூக்கின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வே அதனைச் சுரக்கிறது என்றும் 1660-ஐ ஒட்டி வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். ஜாலீனூஸுக்குப் பின் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, சளியின் ஊற்று இருக்குமிடம் தெளிவாயிற்று.

இன்றைய அறிவியல் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். மூக்கு, மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்புறச் சவ்வில் கிண்ண வடிவமான உயிரணுக்கள் உள்ளன. அவற்றோடு சிறு சுரப்பிகளும் சேர்ந்து சளியைச் சுரக்கின்றன. சளியில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீரே. எஞ்சியவற்றுள் தலையானது மியூசின் என்னும் புரதம். நீண்ட தண்டு ஒன்றில் சர்க்கரைச் சங்கிலிகள் தூரிகையின் மயிர்போல அடர்ந்து நிற்பது அதன் வடிவம். அச்சங்கிலிகள் தண்ணீரைப் பற்றிக்கொள்வதால்தான் சளி வழவழப்பாகவும் இழுபடுவதாகவும் இருக்கிறது. உப்புகளும் கொழுப்பும் கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் அதில் கலந்துள்ளன.

காஞ்சி வட்டாரத்தார்க்கு இதனை விளக்க எளிய உவமை ஒன்று உண்டு. பட்டுப்புழு தன் வாய்வழியே இழையை நூற்கும்போது, அவ்விழையைச் செரிசின் என்னும் பசைப் புரதம் போர்த்தியிருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இப்பசையே. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் அவித்து அதனை நீக்கிய பின்னரே பட்டுக்குப் பளபளப்பு வருகிறது. நெசவாளர்க்கு வேண்டாத அப்பசைதான், புழு கூட்டுக்குள் இருந்த நாளில் இழைகளை ஒட்டி அதன் வீட்டைக் காத்தது. செரிசினும் சளியும் ஒரே பொருளல்ல. எனினும் நமக்கு வேண்டாததாகத் தோன்றும் பசை, உரிய உயிருக்கு அரணாக நிற்கிறது என்ற பாடம் இரண்டிலும் ஒன்றே. பட்டு நூலின் பசையை அவித்து நீக்கலாம். உயிருள்ள மூச்சுக்குழலின் பசையை அவ்வாறு நீக்கிவிட இயலாது.

ஏனெனில் மூச்சுக்குழலில் நடக்கும் வேலை வியப்புக்குரியது. நாம் இழுக்கும் காற்றோடு தூசும் புகையும் கிருமிகளும் உட்செல்கின்றன. சளிப்படலம் அவற்றை ஒட்டிக்கொள்கிறது. படலத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள், வயலில் நெற்கதிர் அலைவது போல, நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக அசைந்து, அப்படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. அங்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இரைப்பையின் அமிலம் கிருமிகளை அழிக்கிறது. நலமாக இருக்கும் நாளிலும் இது இரவும் பகலும் நடைபெறுகிறது. புகையிலைப் புகை அந்நுண்மயிர்களை முடக்குகிறது. அதனால்தான் பீடி, சிகரெட் புகைப்போர் விடியற்காலையில் இருமி இருமிச் சளியை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. தொழுகைக்கு உளூச் செய்யும்போது நாசிக்கு நீர் செலுத்திச் சிந்தும் நம் சுன்னத்து, மூக்கில் தங்கிய தூசையும் காய்ந்த சளியையும் அகற்றுகிறது. அதனை நாம் வணக்கமாகச் செய்கிறோம். உடலுக்கு வரும் தூய்மை அதனோடு கிடைக்கும் கொடை.

இரைப்பையிலும் சளியே காவல். இறைச்சியையும் கரைக்கும் அமிலம் இரைப்பையையே ஏன் அரித்துவிடவில்லை? அதன் சுவரைப் போர்த்திய சளிப்படலம், காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டைத் தன்னுள் வைத்து, சுவரை அணுகும் அமிலத்தின் கொடுமையைத் தணிக்கிறது. அப்படலத்துக்குள்ளேயே புகுந்து வாழக் கற்ற கிருமி ஒன்றை ஆஸ்திரேலிய மருத்துவர்களான வாரனும் மார்ஷலும் 1982-இல் கண்டறிந்து வளர்த்தனர். வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் அக்கிருமியே காரணம் என்று நிறுவியதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். கிலேதகம் குறைந்தால் வயிறு கெடும் என்ற சித்தர் கருத்தும், அக்காவல் உடைந்தால் புண் வரும் என்ற இன்றைய அறிவும் அருகருகே நிற்கின்றன.

சளியில் கிருமியை அழிக்கும் ஆற்றலும் உண்டு என்பதைக் காட்டியவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1921-இல் தமக்குச் சளி பிடித்திருந்தபோது, தம் மூக்குச் சளியையே எடுத்துக் கிருமிகள் வளரும் தட்டில் இட்டார். சளி பட்ட இடத்தைச் சுற்றிக் கிருமிகள் கரைந்து போயின. அதிலிருந்த பொருளுக்கு லைசோசைம் என்று பெயரிட்டு 1922-இல் வெளியிட்டார். உலகம் அறிந்த பெனிசிலினை அவர் கண்டது அதற்குப் பின்னர், 1928-இல்.

சளியின் நன்மையைக் கூறியதால் அதன் தீங்கை மறைத்தல் ஆகாது. நோயுற்றவரின் கோழை நோயைப் பரப்பும். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் கண்டறிந்தபின், இருமலில் வரும் நுண்துளிகளும் கோழையும் நோய்க்கு வாகனம் என்பது தெளிவாயிற்று. இவ்வறிவை வளர்த்ததில் நம் தமிழகத்துக்கு உலகப் புகழ் உண்டு. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை செய்வதையும், வீட்டிலேயே வைத்து அதே மருந்துகளைத் தருவதையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் அதற்கு நிகராகப் பயனளிக்கிறது என்றும், முறையாக மருந்துண்ணும் நோயாளியால் வீட்டாருக்கு அதிகப்படியான ஆபத்து இல்லை என்றும் 1959-இல் அது உலகுக்கு அறிவித்தது. நோயாளியை வீட்டைவிட்டு விலக்கும் கொடுமைக்கு அறிவின் முடிவு கட்டிய ஆய்வு அது. காஞ்சிபுரமும் அடங்கியிருந்த அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வோ, இலட்சக்கணக்கான மக்களைச் சோதித்து, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுப்பதில்லை என்று காட்டியது. ஆதலின் நோயை விரைவில் கண்டறிவதே வழி. அதற்கு முதற் சான்று கோழைதான். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம். பெண்ணுக்கு வரன் தடைப்படும் என்றோ, ஊரார் பேசுவர் என்றோ அதனை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்கள் தம் பிள்ளைக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒருங்கே தீங்கிழைக்கின்றனர்.

மற்றொரு தவறு இதற்கு நேர்மாறானது. குழந்தைக்கு மூக்கொழுகினாலே மருந்துக் கடைக்கு ஓடும் அவசரம் அது. சளி பச்சையாகிவிட்டால் கடுமையான மருந்து வேண்டும் என நினைக்கிறோம். கிருமியோடு பொருத வரும் வெள்ளணுக்களில் உள்ள பச்சை நிற நொதியே அந்நிறத்துக்குக் காரணம். நிறத்தை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்தல் ஆகாது. இவ்வவசரத்துக்கு நாடு கொடுத்த விலை நம்மை உறங்கவிடாது. 2025-ஆம் ஆண்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 சதவீத அளவுக்கு அம்மருந்தில் கலந்திருந்ததைத் தமிழகத்தின் அரசு ஆய்வகம் கண்டறிந்தது. பட்டாலும் கோயில்களாலும் புகழ்பெற்ற வட்டாரத்தின் பெயர் இத்துயரத்தோடும் சேர்ந்துவிட்டது. நஞ்சு கலந்தது பிறர் குற்றமே. பிள்ளையை இழந்த பெற்றோரைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் 2 வயதுக்குட்பட்டோர்க்கு இருமல், சளி மருந்துகள் கூடாது என்றும், 5 வயதுக்குட்பட்டோர்க்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் மத்திய அரசின் சுகாதாரத் துறை அதனையொட்டி அறிவித்தது. சிறுவர்க்கு வரும் சளி பெரும்பாலும் தானே ஆறும் என்பதே அதன் காரணம். இருமல் என்பது சளியை வெளியேற்ற உடல் கையாளும் கருவி. அதனை அடக்குவதற்கு முன், அது செய்யும் வேலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய மருத்துவர்கள் இதனை அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. யூனானி ஹக்கீம்கள் சீமை மாதுளம் விதையை ஊறவைத்து எடுக்கும் வழவழப்பான நீரை ‘லுஆப்’ என்பர். அரபியில் உமிழ்நீருக்கும் அதுவே பெயர். வறண்ட தொண்டையை ஈரத்தால் ஆற்றும் முறை அது. சித்த மருத்துவர் ஆடாதோடையைத் தேர்ந்தனர். அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளின் அமைப்பைப் பின்பற்றியே, கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை மேனாட்டார் உருவாக்கினர். இளக்கி வெளியேற்றுதல், வறட்சியை ஆற்றுதல் என்பனவே அவர்கள் கொண்ட வழிகள். எனினும் நாட்டு மருந்தாயினும் அளவும் அனுபவமும் தேவை. மூச்சு வாங்குதல், நெஞ்சு உள்ளிழுத்தல், பால் குடிக்க மறுத்தல், கோழையில் இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? திருப்பருத்திக்குன்றத்துச் சமண முனிவர், தம் கோழையால் ஒரு சிற்றுயிரும் துன்புறலாகாது என்று இடம் தேடி நடந்தார். மதீனாவில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள், பிறர் விட்ட கோழையைத் தம் திருக்கரத்தால் அகற்றினார்கள். ராஸீயும் இப்னு சீனாவும் நம் சித்தர்களும் அருவருப்பை விலக்கி அதனை ஆராய்ந்தனர். ஷ்னைடர் முன்னோர் சொல்லைச் சோதித்துத் திருத்தினார். சென்னை மருத்துவர்கள் கோழையில் நோயைக் கண்டு, நோயாளியை வீட்டிலேயே வாழ வைத்தனர். இவர்கள் எல்லோரும் சளியை மறைக்கவுமில்லை, அதனைக் கண்டு ஒதுங்கவுமில்லை. நாமோ தெருவிலும் பேருந்து நிலையத்திலும் பள்ளிவாசலின் வாயிற்படியிலும்கூடத் துப்பிவிட்டுப் போகிறோம். பிள்ளையின் மூக்கிலுள்ள சளிக்கு நாணுகிறோம். வழியில் நாம் விட்ட கோழைக்கு நாணுவதில்லை. துடைக்க ஒரு துணித்துண்டு, இருமும்போது வாயை மறைக்க ஒரு கை, நீடித்த இருமலைச் சோதிக்க ஒரு நாள், குழந்தையின் சளி தானே ஆறும்வரை சிறிது பொறுமை ஆகியவை நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்குமாயின், முன்னோர் பட்ட பாடு வீண்போகாது. வல்ல அல்லாஹ் நம் உடலில் வைத்த காவலை மதித்து நடக்கும் அறிவை நமக்கு அருள்வானாக.